பாம்பன் பாலமும் என் சைக்கிள் செயினும்

மண்டபத்திலிருந்து பாம்பனுக்குத் தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவமழையும் வாடைக்காற்றும் சேர்ந்துகொள்ளும். போன மழைக்காலத்தில் புதுச் செயின் மூன்றே வாரத்தில் துருவேறி இறுகிவிட்டது.

தவறு என்னுடையதுதான். துருவுக்குப் பயந்து தினமும் எண்ணெயை ஊற்றினேன். கடற்காற்றில் வந்து செயினுக்குள் படிந்த உப்பு போகவில்லை. மேலே வழிந்த எண்ணெயில் கடற்கரை மணல் ஒட்டிக்கொண்டு பற்களை அரைத்தது.

இப்போது வீடு வந்ததும் முதலில் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவுகிறேன். துணியால் துடைத்து, முற்றிலும் உலர்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரே சொட்டு எண்ணெய். பெடலைப் பின்னோக்கிச் சுற்றிவிட்டு, வெளியே நிற்கும் எண்ணெயை அழுத்தித் துடைத்துவிடுகிறேன். இந்தக் கடைசித் துடைப்புதான் செயினைக் காப்பாற்றியது.

நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை உடனே பிடிக்காது. அதனால் நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லேசாக அழுத்தி, ரிம்மின் ஈரத்தை வழித்துவிடுகிறேன்.

பாலத்தில் சைக்கிளுக்குத் தனிப் பாதை கிடையாது. பாம்பன் போகும்போது காற்று இடப்பக்கமிருந்து வண்டிகள் பக்கம் தள்ளும். பஸ் கடக்கும்போது திடீரென்று காற்றின் போக்கு மாறும். ஹேண்டிலில் மாட்டியிருந்த பையைக் கேரியரில் இறுக்கிக் கட்டிய பிறகு சைக்கிள் அலைவது குறைந்தது. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாளில் பஸ்ஸில்தான் போகிறேன்.