புது சீசன், புது நடுவர்: வன்னியிலிருந்து குரல் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

2023 இல் ஜீ தமிழின் சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் பாட்டுப் போட்டியின் மூன்றாவது சீசனில் யாழ்ப்பாணத்து அரியாலைப் பிள்ளை கில்மிஷா வென்றதிலிருந்து, புது சீசன் என்று திரையில் ஒரு வரி ஓடினாலே கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சங்கீத ரீச்சர்மாரின் போன் ஓயாது. நடுவர்களும் புது ஆட்கள் என்றால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "ரீச்சர், அவருக்கு என்ன மாதிரிப் பாட்டுப் பிடிக்கும்?"

அதைப் பிறகு பார்க்கலாம். முதல் சுற்றில் பெரும்பாலும் அந்த நடுவர் இருக்கவே மாட்டார். வந்து குவியும் வீடியோக்களையும் வரிசையில் நிற்கும் பிள்ளைகளையும் வடிகட்டுவது தயாரிப்புக் குழுவும் அவர்கள் அமர்த்தும் குரல் பயிற்சியாளர்களும்தான். ஒருவருக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் பெரிய காரியம். சுருதி நிற்கிறதா, தாளம் ஓடாமல் இருக்கிறதா, இந்தக் குரலை இன்னொரு தரம் கேட்கத் தோன்றுகிறதா என்று பார்ப்பார்கள். ரீவியில் தெரியும் நாற்காலிக்காரர் அதற்கு இரண்டு மூன்று படி தள்ளித்தான் வருவார். ஆகவே பாட்டை உங்கள் குரலுக்குத் தேருங்கள், நடுவருக்கு அல்ல.

அறிவித்தல்

விளம்பரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஓடாதீர்கள். வயது எந்தத் திகதியில் கணக்கிடப்படுகிறது, வீடியோ எத்தனை நிமிடம், கரோக்கே (குரல் இல்லாத பாட்டிசை) போடலாமா வெறும் குரலா, போனை நட்டமாகப் பிடிப்பதா கிடையாகவா என்ற நான்கையும் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். நல்ல குரல் உள்ள பிள்ளைகள்கூட இந்த நான்கில் ஒன்றைப் பிழைவிட்டு வெளியே நிற்பதுண்டு. "தெரிவாகிவிட்டீர்கள், பதிவுப் பணத்தை இந்தக் கணக்கில் போடுங்கள்" என்று வட்ஸ்அப்பில் செய்தி வந்தால் ஒரு சதமும் போடாமல், திரையில் காட்டிய இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். சீசன் தொடங்கும் காலத்தில் இந்தக் கூட்டமும் கிளம்பிவிடும்.

கட்டையும் பாட்டும்

வன்னியில் வாய்ப்பாட்டுப் படிக்கும் பிள்ளைகள் பலர் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சை எழுதியிருப்பார்கள், பாடசாலைத் தமிழ்த் தினப் போட்டியில் தனி இசையும் பாடியிருப்பார்கள். சுருதி ஞானத்துக்கு அது நல்ல அத்திவாரம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வகுப்பில் எல்லாருக்கும் பொதுவாக வைத்த கட்டையிலேயே, அதாவது ஷட்ஜம் (ச) நிற்கும் உயரத்திலேயே, பாடிப் பழகி, தன் கட்டை எது என்று தெரியாமலே போய்விடுகிறார்கள்.

அதைக் கண்டுபிடிக்கப் போனில் சுருதி போடும் ஒரு தம்புராச் செயலி போதும். 1 கட்டை என்றால் கீபோர்டில் சி, 2 கட்டை டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. இடையில் உள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. வளர்ந்த ஆண் குரல் பெரும்பாலும் 1 முதல் 2 வரை, பெண் குரல் 5 முதல் 6 வரை வசதியாக இருக்கும். அது ஒரு தொடக்கக் குறிதான். காலையில் குரல் சூடேறுவதற்கு முன் கீழ்ப் பஞ்சமமும் (ப) மேல்ஸ்தாயிக் காந்தாரமும் (க) இழுபறி இல்லாமல் வரும் கட்டைதான் உங்களுடையது. பின்னேரம், நல்லாகப் பாடி முடித்த கையோடு பார்த்தால் அரைக் கட்டை கூடக் காட்டும். அதை நம்பிப் போனால் தேர்வு நாள் காலை எட்டு மணிக்குப் பாட்டின் உயர்ந்த வரியில் குரல் உடையும்.

இனிப் பாட்டு. ஐந்து பாட்டு தயார் செய்யுங்கள்: உங்களுக்கு மிக நன்றாக வருவது ஒன்று, மெலடி ஒன்று, வேகமான தாளத்தில் ஒன்று, ராகம் தெளிவாகத் தெரியும் பழைய பாட்டு ஒன்று, நாட்டார் சாயலில் ஒன்று. "வேறு ஏதாவது பாடுங்கோ" என்று கேட்டால் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. ஒவ்வொன்றிலும் பல்லவியும் ஒரு சரணமும் போதும். முழுப் பாட்டையும் பாடவிட மாட்டார்கள்.

பாட்டின் மிக உயர்ந்த சுரம் உங்கள் குரல் எட்டும் எல்லைச் சுரமாக இருந்தால் அந்தப் பாட்டை விடுங்கள். எல்லைக்குக் கீழே குறைந்தது ஒரு முழுச் சுரமாவது மிச்சம் இருக்கவேண்டும், பதற்றம் அதைத் தின்றுவிடும். முன்னைய சீசனில் வென்ற பிள்ளை பாடிய பாட்டையும் விடுங்கள். கேட்பவரின் காதில் அந்தப் பிள்ளைதான் பாடிக்கொண்டிருக்கும். இடையிசை நீண்ட பாட்டும் ஆகாது, வெறும் குரலில் அந்த இடைவெளியில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பீர்கள்.

கரோக்கேயை உங்கள் கட்டைக்கு மாற்றும்போது மூன்று அரைச் சுரத்துக்கு மேல் (கீபோர்டில் கறுப்பையும் சேர்த்து மூன்று படிக்கு மேல்) இறக்கினால் வாத்தியங்கள் சேறு மாதிரிக் கேட்கும். அவ்வளவு இறக்கவேண்டி வந்தால் அது உங்கள் பாட்டு இல்லை.

12 முதல் 15 வயது வரை உள்ள ஆண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. குரல் உடையும் காலம் இது. விண்ணப்பித்த நாளுக்கும் மேடை ஏறும் நாளுக்கும் இடையில் இரண்டு மூன்று மாதம் போனால் கட்டையே மாறிவிடலாம். வாரம் ஒருமுறை எல்லையை அளந்து, ஒவ்வொரு பாட்டையும் இரண்டு கட்டைகளில் பாடிவையுங்கள். பழைய உயரத்தைப் பிடிக்கக் கத்துவதுதான் இந்த வயதில் செய்யும் பெரிய கேடு.

வெறும் குரலில் சுருதி

குரல் தேர்வில் பிள்ளைகள் அதிகம் விழுவது இங்கேதான். தம்புராவைப் போட்டு ஒரு நிமிடம் கேளுங்கள். நிறுத்துங்கள். பல்லவி, சரணம், திரும்பப் பல்லவி பாடுங்கள். கடைசி ஷட்ஜத்தைப் பிடித்தபடி தம்புராவைத் திரும்பப் போடுங்கள். ஒட்டவில்லை என்றால் எங்கே நழுவியது என்று தேடவேண்டும். பெரும்பாலும் கீழேதான் இறங்கியிருக்கும். வரியின் கடைசிச் சொல்லில் மூச்சுத் தீர்ந்து சுரம் தொய்கிறது, அடுத்த வரியை அந்தத் தொய்ந்த இடத்திலிருந்து எடுக்கிறோம். எட்டு வரி போனால் அரைச் சுரம் போய்விடும். மூச்செடுக்கும் இடங்களைப் பாட்டுக் கொப்பியில் பென்சிலால் குறித்து, எப்போதும் அதே இடத்தில் எடுத்துப் பழகுவதுதான் மருந்து.

தேர்வு அறையில் நடப்பது இதற்கு எதிர்மாறு. பயத்தில் தொண்டை இறுகி, வழக்கத்தைவிட ஒன்று இரண்டு அரைச் சுரம் கூட்டித் தொடங்கிவிடுவார்கள். பல்லவி நன்றாகப் போகும், சரணத்தில் குரல் கீறும். பெயர் கூப்பிடும் வரை ஒரு காதில் தம்புராவைக் கேட்டபடி ஷட்ஜத்தை மெல்ல முனகிக்கொண்டிருங்கள். உள்ளே போனதும் "சுருதி ஒருக்கா எடுக்கலாமோ" என்று கேட்பதில் குறை ஒன்றும் இல்லை. கூட்டித் தொடங்கிவிட்டால் இரண்டாவது வரிக்குள் நிறுத்தி, "திரும்பத் தொடங்கலாமோ" என்று கேளுங்கள். சரணம் வரை போய்விட்டுக் கேட்டால் பயனில்லை.

வீடியோ பிடித்தல்

தகரக் கூரை வீட்டில் மத்தியானம் பதிவு செய்யாதீர்கள், வெயிலில் தகரம் முறிகிற சத்தம் வீடியோவில் விழும். விடியவும் பொழுதுபடவும் மயில் அகவும், இரவில் சில்வண்டு. வைகாசி தொடங்கினால் சோளகக் காற்று யன்னலை அடித்துக்கொண்டே இருக்கும். காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் பெரும்பாலும் ஒரு அமைதி கிடைக்கும். லான்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) போகாத பக்கமாக உள்ள அறையைப் பிடியுங்கள். கோயில் திருவிழாக் காலம் என்றால் ஒலிபெருக்கி எத்தனை மணிக்கு நிற்கும் என்று விசாரித்துவிட்டுத் தொடங்குங்கள்.

மெத்தை, உடுப்பு அலுமாரி உள்ள படுக்கையறைதான் நல்லது. சீமெந்து நிலமும் வெறும் சுவரும் உள்ள விறாந்தையில் எதிரொலி குரலைக் கலக்கிவிடும். உங்களுக்கு முன்னால் உள்ள சுவரில் ஒரு தடித்த போர்வையைக் கட்டுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். போன் வாய் மட்டத்தில், இரண்டரை முதல் மூன்று அடி தூரத்தில், வாய்க்கு நேரே இல்லாமல் ஒரு சாண் விலகி இருக்கட்டும். நேரே வைத்தால் "ப", "பு" வரும் இடங்களில் காற்று வெடிக்கலாம். வெளிச்சம் முகத்துக்கு முன்னால் வரவேண்டும், யன்னலை முதுகுக்குப் பின்னால் விட்டால் முகம் கறுத்துவிடும்.

கரோக்கே கேட்டிருந்தால் இன்னொரு போனில் கம்பி இயர்போன் போட்டு ஒரு காதில் மட்டும் கேளுங்கள், மற்றக் காது உங்கள் குரலுக்கு. புளூடூத் வேண்டாம். இசை காதுக்கு வரவே ஒரு கணம் பிந்தும், நீங்கள் தாளத்தில் நின்றாலும் பார்ப்பவருக்குப் பிந்திப் பாடுவதாகத் தெரியும். நடத்துபவர்களுக்கு வாத்தியமும் கேட்கவேண்டும் என்றால், அந்தப் போனை நாலைந்து அடி தள்ளி வைத்து, குரலை மூடாத அளவுக்குச் சத்தத்தைக் குறையுங்கள். எதிரொலி, சுருதி திருத்தும் செயலிகளைத் தொடவே கூடாது. திருத்திய குரல் கேட்டுப் பழகிய காதுக்கு முதல் சொல்லிலேயே பிடிபடும்.

ஒரு நிமிட 1080பி வீடியோ 100 எம்பி அளவில் வரும், 720பி அதில் ஏறக்குறையப் பாதி. முகமும் குரலும் தெளிவாக இருந்தால் 720பி போதும். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுக்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். உள்ளூரில் சிக்னல் இழுபறி என்றால் கடைசி நாள் வரை வைத்திருக்காமல் மாங்குளம், பரந்தன் பக்கம் போகும் ஒரு நாளில் அனுப்பிவிடுங்கள். கோப்பின் பெயரில் பிள்ளையின் பெயர், வயது, மாவட்டம் இருக்கட்டும்.

நேரில் போவதென்றால்

கொழும்பில் காலை எட்டு மணித் தேர்வுக்கு முதல் நாள் இரவு பஸ் ஏறுவது இங்கே வழக்கம். அதை மாற்றுங்கள். கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் ஏசி காற்று முகத்தில் அடிக்க, அரைத் தூக்கத்தில் போய் இறங்கினால் கீழ்ச் சுரங்கள் கரகரக்கும். ஒரு நாள் முந்திப் போய் வெள்ளவத்தையிலோ எங்கேயோ சொந்தக்காரர் வீட்டில் படுத்தெழும்புங்கள். வேறு வழியில்லை என்றால் ஏசித் துவாரத்தை மூடி, கழுத்தில் துவாய் சுற்றி, கதைக்காமல் போங்கள்.

தேனும் கற்கண்டும் குரல்நாணைத் தொடுவதில்லை, அவை போவது உணவுக்குழாயால். தண்ணீரும் குடித்த உடனே வேலை செய்யாது, முதல் நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவேண்டும். ஆவி பிடிப்பது நேரே போய்ச் சேரும்: பத்து நிமிடம், தைலம் போடாமல். தொண்டையை மரக்கவைக்கும் இனிப்புகளை விடுங்கள். நோ தெரியாமல் கத்திவிட்டு அடுத்த நாள் குரலே இருக்காது. நெல்லுச் சூடடிக்கும் காலமென்றால் ஒரு வாரமாவது வயல் தூசிக்குப் பிள்ளையை விடாதீர்கள்.

மைக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். கோயில் மேடையில் பாடிப் பழகிய பிள்ளைகளுக்குத் தங்கள் குரல் தங்களுக்குத் திரும்பிக் கேட்டிருக்காது, ஒலிபெருக்கி ரோட்டைப் பார்த்துக் கட்டியிருக்கும். அதனால் எல்லா வரியையும் குரலைத் தள்ளி உரத்துத்தான் பாடுவார்கள். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்தாமல், வாயிலிருந்து இரண்டு மூன்று விரல் தூரத்தில் பிடித்து, மேல் சுரத்தில் ஒரு சாண் விலக்கப் பழக்குங்கள். ஒரு தேங்காய்த் துருவலியைப் பிடித்தாவது வீட்டில் பழகலாம், கைக்குத்தான் பழக்கம் வேண்டும்.

அந்தப் புது நடுவர்

இப்போது அவரைப் பார்க்கலாம். பின்னணிப் பாடகர் என்றால் மூச்செடுக்கும் இடத்தையும் சொல்லின் முடிவையும் கேட்பார். அவர் பாடிய பாட்டையே அவருக்குப் பாடுவது துணிச்சல்தான், ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு சங்கதியும் (சுர நெளிவும்) அவருக்கு மனப்பாடம். ஒன்று விட்டாலும் தெரியும். இசையமைப்பாளர் புதிய குரலைத் தேடுவார், முதலில் பாடியவரின் குரலை அப்படியே படி எடுத்தால் அவருக்கு அது குறை. கர்நாடக இசைக்காரர் ராகம் எது என்று கேட்கலாம். ஆரோகணம் அவரோகணம் (ராகத்தின் சுரங்கள் ஏறும், இறங்கும் வரிசை) தெரிந்து வையுங்கள், தெரியாவிட்டால் "தெரியாது" என்று சொல்லிவிட்டுப் பாடுங்கள். ஊகித்துச் சொல்லி மாட்டுவதைவிட அது மேல். முகம் பார்க்காமல் நாற்காலி திருப்பும் வகை நிகழ்ச்சி என்றால், முதல் இருபது விநாடியிலேயே குரலின் நிறம் தெரியும் பாட்டாக எடுங்கள். நடுவரின் பாட்டுகளைத் தேடிக் கேட்பதைவிட, அவர் வேறு எங்காவது பிள்ளைகளைத் திருத்தும் வீடியோக்களைத் தேடிப் பாருங்கள். எதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாரோ அதுதான் அவரின் காது.

கேள்வி கேட்டால் எங்கள் தமிழிலேயே பதில் சொல்லுங்கள். சென்னைப் பேச்சை அரைகுறையாகப் போட்டால் இரண்டும் கெட்டுப்போகும்.

தெரிவானால்

சென்னை என்றால் கடவுச்சீட்டு முதலில். வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழையும் பெற்றோரின் அடையாள அட்டைகளையும் இப்போதே எடுத்து வையுங்கள். சிறு பிள்ளைக்குத் தாய், தகப்பன் இருவரின் சம்மதமும் கேட்பார்கள். தகப்பன் இல்லாத, அல்லது எங்கே என்றே தெரியாத வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. அப்படியானால் அந்தக் கையெழுத்துக்குப் பதிலாக என்ன கடிதம் ஏற்பார்கள் என்று அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, கிராம அலுவலரிடம் தொடங்குங்கள். இழுபடுவது இந்தக் கடிதம்தான். படப்பிடிப்புக்கு எந்த வகை விசா வேண்டும், கூடப் போகும் ஆளின் செலவு யாருடையது என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்தே சென்னைக்கு விமானம் இருப்பதால் அந்தப் பயணம் கொழும்புப் பயணத்தைவிடக் குரலுக்குச் சுகம். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கமுன், எத்தனை மாதம் வேறு மேடையில் பாடக்கூடாது என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். சாதாரண தரம் எழுதும் பிள்ளை என்றால் பரீட்சைத் திகதியை அதிபரின் கடிதத்தோடு முதல் கிழமையே அனுப்பிவிடுங்கள்.