பழைய சிறிய மில்லிங் இயந்திரத்தை வீட்டில் புதுப்பித்து மோட்டார் பொருத்தும் முறை

கொழும்புப் பஞ்சிகாவத்தையின் பழைய சாமான் கடைகளிலோ, மூடப்படும் ஒரு பட்டறையிலோ, சுழலும் பல் கட்டரால் உலோகத்தைச் செதுக்கும் சிறிய மில்லிங் இயந்திரம் ஒன்று கண்ணில் பட்டால், மோட்டார் இல்லை என்பதற்காக அதை விட்டுவிட வேண்டியதில்லை. மோட்டாரை எப்போதும் வாங்கலாம். விலை பேசுமுன் பார்க்க வேண்டியவை கட்டரைச் சுழற்றும் தண்டான ஸ்பின்டிலும் மேசை ஓடும் தடங்களுமே. ஸ்பின்டிலைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்து, அதன் கூம்புத் துளைக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். ஆழமான கீறல் இருந்தால் கட்டர் ஒருபோதும் நேராக அமராது. மேசையை முனைக்கு முனை நகர்த்தும்போது நடுவில் தளர்ந்தும் ஓரங்களில் இறுகியும் ஓடினால் தடம் நடுவில் தேய்ந்திருக்கிறது. சிறிதளவு தேய்மானத்தோடு வேலை செய்யலாம். பெரிதானால் தடங்களைச் சாணை பிடிக்கும் செலவு இயந்திரத்தின் விலையையே விஞ்சக்கூடும். மேலோட்டமான துருவும் உரிந்த பெயின்டும் பொருட்டல்ல.

கழற்றத் தொடங்குமுன் ஒவ்வொரு பகுதியையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய இயந்திரங்களில் கைப்பிடிகளையும் வளையங்களையும் தண்டோடு பிணைப்பது பெரும்பாலும் கூம்பு ஊசிதான்; ஒரு பக்கம் பருத்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும் அதன் முனைகள் உலோகத்தோடு சமமாக ராவப்பட்டு, பெயின்டுக்கு அடியில் மறைந்திருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் வளையத்தை அழுத்தித் துடைத்தால் இரு பக்கமும் மங்கலான இரு வட்டங்கள் தெரியும். சிறிய வட்டம் உள்ள பக்கத்திலிருந்து தட்டினால் இரண்டு அடியில் வெளியே வரும். பெரிய பக்கத்திலிருந்து தட்டினால் இன்னும் இறுகி, கடைசியில் துளைத்தே எடுக்க வேண்டிவரும். பிரித்தானிய இயந்திரமானால் திருகுகள் பெரும்பாலும் விட்வர்த் எனும் பழைய அங்குல அளவுமுறையில் இருக்கும். 3/8 அங்குலத் துளைக்குள் 10 மில்லிமீற்றர் போல்ட் ஓரிரு புரி ஏறுவதுபோல் தோன்றினாலும், இரண்டின் புரியும் வேறு. வலிந்து திருகினால் வார்ப்பிரும்பின் புரி போய்விடும்.

அழுக்கை நீக்க மண்ணெண்ணெயும் பித்தளைப் பிரஷும் போதும். பெட்ரோல் வேண்டாம். கெட்டித் துருவுக்கு மின்பகுப்பு முறை நல்லது: பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடாக் கரைசலை நிரப்பி, துருப்பிடித்த பகுதியை 12 வோல்ட் சார்ஜரின் எதிர்முனையிலும், வேண்டாத சாதாரண இரும்புத் தகட்டை நேர்முனையிலும் இணைத்து, ஒன்றையொன்று தொடாமல் வையுங்கள். ஐதரசன் வெளிவருவதால் இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். நச்சுக் குரோமியச் சேர்மங்கள் உண்டாவதால் துருப்பிடிக்காத எஃகைத் தகடாகப் பயன்படுத்தக் கூடாது. வெள்ளவத்தை, தெஹிவளை போன்ற கரையோரப் பகுதிகளில் துடைத்துக் காயவைத்த வார்ப்பிரும்பு ஓரிரவிலேயே மீண்டும் செம்மை பூசிக்கொள்ளும் என்பதால், உலர்ந்த உடனேயே எண்ணெய் தடவிவிடுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்நிலையில் தேய்த்துத் தூசியாக்காமல், இரசாயன நீக்கியால் களைவதே பாதுகாப்பு, குறிப்பாகக் குழந்தைகள் உள்ள வீடுகளில்.

இனி மோட்டார். இந்த இயந்திரங்களில் பல, மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகளில் முன்பு இருந்ததைப்போல, கூரையருகே ஓடும் நீண்ட தண்டிலிருந்து தட்டைப் பெல்ட் மூலம் இயங்குவதற்காக அமைக்கப்பட்டவை. எனவே மோட்டாரை நேரடியாக ஸ்பின்டிலோடு இணைத்தால் வேகம் எக்கச்சக்கமாகிவிடும். 75 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஹைஸ்பீட் ஸ்டீல் கட்டரால் சாதாரண இரும்பை வெட்ட, பல்லின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 25 மீற்றர் இருந்தால் போதும். அதாவது நிமிடத்துக்குச் சுமார் 106 சுற்று. நான்கு காந்த முனைகள் கொண்ட மோட்டாரோ நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் சுமார் 1,440 சுற்று ஓடும். ஆகவே இடையில் ஒரு தண்டு வேண்டும். மோட்டாரில் 75 மில்லிமீற்றர் கப்பியும் இடைத்தண்டில் 300 மில்லிமீற்றர் கப்பியும் வைத்து ஏ வகை வீ-பெல்ட்டால் இணைத்தால் வேகம் 360 ஆகக் குறையும். அங்கிருந்து ஸ்பின்டிலின் பழைய படிக்கப்பிக்கு (படிபடியாக விட்டம் மாறும் கப்பி), அதற்கு இணையான படிக்கப்பி ஒன்றின் மூலம் 180, 360, 720 என மூன்று வேகங்களைப் பெறலாம்; ஸ்பின்டில் வெண்கலப் புஷ்ஷில் (தண்டைத் தாங்கும் உருளைக் குழாயில்) ஓடினால் 720ஐத் தொடாமல் விடுவதே என் விருப்பம்.

இடைத்தண்டிலிருந்து ஸ்பின்டிலுக்கான இந்த இரண்டாம் இணைப்பில் தட்டைப் பெல்ட்டை மாற்ற வேண்டாம். மூட்டில்லாத வீ-பெல்ட்டை நுழைக்க ஸ்பின்டிலையே வெளியே எடுக்க வேண்டும். தட்டைப் பெல்ட்டை இடத்திலேயே சுற்றி மூட்டிவிடலாம். கட்டர் சிக்கினால் அது வழுக்கிக் கொடுத்து, பல் உடையாமல் காப்பதும் உண்டு. மோட்டாரையும் இடைத்தண்டையும் தனிக் கோண இரும்புச் சட்டத்தில் ஏற்றுங்கள்; அசல் வார்ப்பில் துளை போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

சிறிய இயந்திரத்துக்கு அரைக் குதிரைவலு, அதாவது 0.37 கிலோவாட், மோட்டார் தாராளம். வீட்டின் 230 வோல்ட் ஒற்றைக் கட்டத்தில் ஓடும் மோட்டாரும் போதும். ஆனால் மூன்று கட்ட மோட்டாரோடு, மின்சாரத்தின் ஹேர்ட்ஸை மாற்றும் இன்வேர்ட்டர் (VFD) ஒன்றைச் சேர்த்தால் வேகத்தைத் திருகியே மாற்றலாம். 30 ஹேர்ட்ஸில் மேற்சொன்ன 180 சுற்று 108 ஆகும். மோட்டாரின் தகட்டில் 230/400 வோல்ட் என்று இருக்க வேண்டும். இணைப்புப் பெட்டிக்குள் தகட்டுத் துண்டுகளை டெல்டா (முக்கோண இணைப்பு) நிலைக்கு மாற்ற வேண்டும். இன்வேர்ட்டருக்கும் மோட்டாருக்கும் நடுவே சுவிட்ச் வைக்காமல், அதன் கட்டுப்பாட்டு முனைகள் வழியாகவே ஓட்டவும் நிறுத்தவும் வேண்டும். குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்டினால் மோட்டாரின் விசிறி போதிய காற்றைத் தராது என்பதையும் கவனியுங்கள். ட்ரிப் சுவிட்ச் விழுகிறதென்று எர்த் கம்பியைக் கழற்றுவது உயிரோடு விளையாடுவதாகும். காரணத்தைத் தகுதியுள்ள மின் தொழில்நுட்பவியலாளரிடம் காட்டுங்கள்.

பெல்ட்டுகளுக்குத் தகட்டு மூடியும், கைக்கு எட்டும் இடத்தில் அவசர நிறுத்தப் பொத்தானும் இல்லாமல் மின்சாரத்தைக் கொடுக்காதீர்கள். சாரத்தோடும் கையுறையோடும் இதன் அருகே நிற்கக் கூடாது. புஷ்களுக்கு எண்ணெய் விட்டு, மிகக் குறைந்த வேகத்தில் கால் மணி நேரம் ஓட்டி, நிறுத்திய பின் பெயரிங் உறையைத் தொட்டுப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியாத சூடு இருந்தால் புஷ் அதிகம் இறுகியிருக்கிறது. முதல் வெட்டை அலுமினியத்தில் 0.25 மில்லிமீற்றர் ஆழத்தில் எடுங்கள். தேய்ந்த திருகில் மேசை முன்பின் ஆடும் என்பதால், கட்டரின் பற்கள் மேசை நகரும் திசைக்கு எதிராகவே சுழல வேண்டும். ஒரே திசையில் சுழன்றால் பற்கள் வேலைத்துண்டை இழுத்துக்கொண்டு, கட்டரைத் தாங்கும் தண்டை வளைத்துவிடும்.