ஒரு நாளைக்கு ஐந்து பற்கள்: வேர் சிகிச்சை நிபுணர் தனி மருத்துவமனை நடத்தும் முறை

எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பை முடித்து வெளியே வரும் வேர் சிகிச்சை நிபுணருக்குத் தமிழ்நாட்டில் முதல் சொத்து பெரும்பாலும் ஒரு பைதான். பல் வேருக்குள் ஓடும் கால்வாயைச் செதுக்கிச் சுத்தம் செய்யும் மெல்லிய ஃபைல்களின் பெட்டிகள், அவற்றைச் சுழற்றும் எண்டோமோட்டார், கால்வாயின் நீளத்தை அளக்கும் அபெக்ஸ் லொகேட்டர், பல்லை எச்சிலிலிருந்து தனிப்படுத்தும் ரப்பர் டேம் விரிப்பைப் பிடிக்கும் கிளாம்புகள் ஆகியவற்றை அதில் அடுக்கிக்கொண்டு, காலையில் பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனை, பிற்பகலில் தென்காசியில் இன்னொன்று என்று போய்வந்து, பொதுப் பல் மருத்துவர்கள் சேர்த்துவைத்திருக்கும் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து திரும்புவதே இங்கு வழக்கமான தொடக்கம். நானும் அப்படித்தான் ஆறு ஆண்டுகள் அலைந்தேன். பலவகைப் பற்களைப் பார்த்துக் கை நன்றாகப் பழகுகிறது. ஆனால் நாற்காலி, விளக்கு, உதவியாளர், கிருமிநீக்கம் எதுவுமே நம் பொறுப்பில் இருப்பதில்லை. நாம் சிகிச்சை செய்த பல் ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறது என்று பார்க்கும் வாய்ப்பும் அமைவதில்லை. இந்த இரண்டு குறைகளையும் தீர்த்துக்கொள்ளத்தான் நிபுணர் தனியாக மருத்துவமனை வைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வருமானம் அதன் பின்னால் வரும்.

முதலில் முடிவுசெய்ய வேண்டியது, எந்த வேலையைச் செய்யமாட்டோம் என்பதுதான். நான் பல் சுத்தம் செய்வதில்லை, கம்பி கட்டுவதில்லை, பல் பிடுங்குவதில்லை. வேர் சிகிச்சை முடிந்த பல்லுக்குக் கேப் போடுவதும் இல்லை. தொடக்கத்தில் வாடகையும் வங்கித் தவணையும் கழுத்தைப் பிடிக்கும்போது, வந்தவரைத் திருப்பி அனுப்புவது மனத்துக்குக் கடினமாகவே இருந்தது. ஆனால், நமக்கு நோயாளிகளை அனுப்பும் பொது மருத்துவரின் வேலையை நாமே எடுத்துக்கொள்ளத் தொடங்கினால், சில மாதங்களில் அவர் அனுப்புவதை நிறுத்திவிடுவார். அப்போது நாம் இன்னொரு பொது மருத்துவமனையாகிவிடுவோம்.

அடுத்தது நேரம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தனி மருத்துவமனையின் நிறைவும் திறனும் இதில்தான் அடங்கியிருக்கின்றன. முதல் ஆண்டில் நான் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர் வரை பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு, அன்றைய பதினோராவது நோயாளியின் கீழ்க்கடைவாய்ப் பல்லில், முன்வேரின் கால்வாய்க்குள் ஃபைலின் நுனி முறிந்தது. வளைவு மிகுந்த அந்தக் கால்வாயில் சிறிய கை ஃபைல்களால் பொறுமையாக வழிசெய்துகொண்டு இறங்கியிருக்க வேண்டும்; வெளியே இன்னும் ஒருவர் காத்திருக்கிறார் என்ற நினைப்பில் மோட்டாரை நேரே இறக்கிவிட்டேன். எக்ஸ்ரேயை நோயாளியிடமே காட்டி, நடந்ததை மறைக்காமல் சொல்லி, மறுவாரம் நுண்ணோக்கியின் கீழ் அந்தத் துண்டின் பக்கவாட்டில் வழி கண்டு சிகிச்சையை முடித்தேன். அந்தப் பல் இன்றும் நன்றாக இருக்கிறது. அந்த வாரத்திலிருந்து நாளொன்றுக்கு ஐந்து பற்கள் என்று எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டேன்.

ஐந்து என்பது பொதுவான கணக்கு. உண்மையில் நேரத்தை ஒதுக்க வேண்டியது பல்லைப் பார்த்துத்தான். முன்பல்லுக்கு ஒரு மணி நேரம் போதும். மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்கு நான் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குகிறேன், ஏனெனில் கன்னத்தை ஒட்டிய அதன் முன்பக்க வேரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரண்டாவது கால்வாய் ஒன்று ஒளிந்திருக்கும். அதைத் தேடவே சில நாட்களில் இருபது நிமிடங்கள் ஆகும். வேறிடத்தில் செய்து தோற்றுப்போன சிகிச்சையைத் திரும்பச் செய்வதற்கு இரண்டு மணி நேரம் தேவை. இவ்வாறான கடினமான பல்லைக் கண்ணும் கையும் களைப்படையாத காலை முதல் வேளையில் வைத்துக்கொள்ள வேண்டும். நண்பகல் பன்னிரண்டுக்கும் மாலை ஐந்துக்கும் நாற்பது நிமிடங்கள் வீதம் யாருக்கும் கொடுக்காமல் வெறுமையாக விட்டுவைக்க வேண்டும்: இரவெல்லாம் தூங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருபவருக்கு அந்த நேரம் உரியது. அன்று அவருக்கு மரத்துப்போகும் ஊசி போட்டு, பல்லுக்குள் இருக்கும் நோயுற்ற கூழை, அதாவது நரம்புள்ள மென்திசுவை, எடுத்து வலியைத் தணித்தால் போதும். மீதியை இன்னொரு நாள் நிதானமாகச் செய்யலாம்.

சங்கரன்கோவிலிலிருந்தும் திசையன்விளையிலிருந்தும் திருநெல்வேலியில் உள்ள எங்கள் மருத்துவமனைக்குப் பேருந்தில் வருபவர்களை நான்கு முறை வரவழைப்பது அவர்களுடைய நான்கு நாள் கூலியைப் பறிப்பதற்குச் சமம். பல் உலர்ந்து, அறிகுறிகள் அடங்கியிருந்தால் ஒரே அமர்வில் முடிப்பதே நல்லது. சீழ் நிற்காமல் வரும் பல்லில் மட்டும் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை வைத்து மூடி, அடுத்த வருகையை அவர் நாற்காலியிலிருந்து இறங்கும் முன்பே குறித்துக்கொடுத்துவிட வேண்டும்.

இந்த நேர ஒதுக்கீடு சரியாக அமைய, தொலைபேசியை எடுப்பவருக்குப் பயிற்சி வேண்டும். எங்கள் வரவேற்பாளர் நேரம் கொடுப்பதற்கு முன் கேட்கும் கேள்விகள் ஓர் அட்டையில் எழுதி மேசையில் ஒட்டப்பட்டிருக்கின்றன. “அம்மா, குளிர்ந்த தண்ணீர் குடித்தால் கூசுகிறதா? கூச்சம் உடனே அடங்குகிறதா, நெடுநேரம் நிற்கிறதா? இரவில் வலி எழுப்புகிறதா? கடித்தால் வலிக்கிறதா? முகத்தில் வீக்கம் உண்டா?” என்று கேட்டு, பிறகு சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இதய நோய்க்கான மாத்திரைகள் பற்றி விசாரிப்பார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களில் சிலர், பல் மருத்துவரிடம் போகிறோம் என்று தாங்களாகவே அதை நிறுத்திவிட்டு வருவதுண்டு. கேட்காமல் நிறுத்தக் கூடாது என்பதை அவர் அந்த அழைப்பிலேயே சொல்லிவிடுவார். சர்க்கரை நோயாளிகளிடம் சாப்பிட்டுவிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு வரும்படி சொல்வார். வீக்கத்தோடு காய்ச்சலும், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாத நிலையும் இருந்தால் அழைப்பு நேரே எனக்கு வரும்; அது காத்திருக்கக் கூடிய நோய் அன்று.

கருவி மேசையைப் பொறுத்தவரை என் விதி எளிது: நான் நாற்காலியில் அமர்ந்த பிறகு உதவியாளர் எதையும் தேடி எழக் கூடாது. ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகளோ அதைவிட இரண்டு கூடுதலாக முழு ட்ரேக்கள் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் தனிப் பையில் அடைத்து, 134 டிகிரி செல்சியஸில் ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கருவியில் கிருமிநீக்கம் செய்து, தேதியிட்டிருக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரை ஆட்டோகிளேவில் ஊற்றினால் உப்புப் படிந்து சீக்கிரமே பழுதாகும் என்பதால், காய்ச்சி வடித்த நீரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். நிக்கல் டைட்டானியம் ஃபைல்களுக்கு ஒரு சிறிய குறிப்பேடு வைத்து, எந்தப் பெட்டி எத்தனை கால்வாய்களில் இறங்கியது என்று எழுதிவர வேண்டும். வளைவான கால்வாயில் சுழன்ற ஃபைல் கண்ணுக்குப் புத்தம் புதிதாகத் தெரிந்தாலும் உள்ளே சோர்ந்திருக்கும். அதைத் தூக்கிப்போடத் தயங்கினால் அது கால்வாய்க்குள் முறியக்கூடும்; முறிந்தால் என்ன பாடு என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

சிரிஞ்சுகளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நம் ஊரில் மரத்துப்போகும் மருந்தைப் பெரும்பாலும் குப்பியிலிருந்து சாதாரண சிரிஞ்சில் ஏற்றித்தான் பயன்படுத்துகிறோம். கால்வாயைக் கழுவும் சோடியம் ஹைப்போகுளோரைட்டும் அதே போன்ற சிரிஞ்சில், அதே போல நிறமற்ற நீராகவே ட்ரேயில் இருக்கும். மாற்றி எடுத்து ஈறுக்குள் செலுத்திவிட்டால் திசுவே வெந்துபோகும். எங்களிடம் ஹைப்போகுளோரைட்டு சிரிஞ்சுக்குச் சிவப்பு நாடா சுற்றியிருக்கும். அதன் ஊசி பக்கவாட்டில் துளையுள்ளது. மரத்துப்போகும் ஊசியைப் போட்டு, அந்தச் சிரிஞ்சை ட்ரேயிலிருந்து அகற்றிய பிறகுதான் சிவப்பு நாடா சிரிஞ்சு மேசைக்கு வரும். ரப்பர் டேம் போடாத பல்லில் நான் ஹைப்போகுளோரைட்டைத் தொடுவதே இல்லை.

மின்தடைக்கு யு.பி.எஸ். அவசியம், கால்வாய்க்குள் ஃபைல் இருக்கும்போது விளக்கு அணையக் கூடாது. நுண்ணோக்கி வாங்கும் செலவைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். கால்வாயைத் தேட உதவுவது ஒருபுறமிருக்க, நிமிர்ந்து உட்கார்ந்து வேலை செய்ய வைப்பதாலேயே அது கழுத்தையும் முதுகையும் காப்பாற்றுகிறது.

சட்டப் பணிகளைத் திறப்பு விழாவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997-இன் கீழ்ப் பதிவு, எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி, 2016 விதிகளின்படி மருத்துவக் கழிவை நிறம் பிரித்து ஒப்படைக்கும் ஏற்பாடு ஆகிய மூன்றும் ஒரே கோப்பில் இருக்கட்டும். ஊசி வெள்ளைக் கலத்துக்கும், ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்கும், பிளாஸ்டிக் சிவப்புப் பைக்கும் போக வேண்டும் என்பதைத் துப்புரவு செய்யும் அக்காவுக்கு நாமே நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இனி, நோயாளிகளை அனுப்பும் மருத்துவர்களோடு உள்ள உறவு. கமிஷன் கொடுத்தால்தான் அனுப்புவார்கள் என்று பலர் அறிவுரை சொல்வார்கள். பல் மருத்துவர்களுக்கான 2014-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் அதைத் தடைசெய்கின்றன. தடை இல்லாவிட்டாலும் அது நோயாளியின் பையிலிருந்து போகும் பணம்தான். நான் கொடுப்பது வேறு: சிகிச்சை முடிந்த அன்றே முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே, எத்தனை கால்வாய்கள் கண்டேன், பல்லில் விரிசல் உண்டா, எந்தவகைக் கேப் பொருந்தும் என்ற விவரங்களோடு ஒரு பக்கக் கடிதம். தற்காலிகச் சிமென்ட்டோடு நோயாளியை அனுப்பாமல், ரப்பர் டேம் இருக்கும்போதே பல்லின் உட்பகுதியைக் காம்போசிட் என்ற பல் நிற நிரப்பு பொருளால் நிரந்தரமாக அடைத்தே அனுப்புகிறேன். கேப் போட நோயாளி இரண்டு மாதம் தாமதித்தாலும் எச்சில் உள்ளே கசியாது. பல் காப்பாற்ற முடியாத நிலையில் இருந்தால், கட்டணத்தை இழந்தாலும் அதை எழுதி அனுப்புவேன். இத்தகைய கடிதங்கள்தான் மருத்துவர்களுக்கு என் மேல் நம்பிக்கையை வளர்த்தன.

கட்டணத்தை முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். கேப்புக்கான செலவு தனி, அது அனுப்பிய மருத்துவரிடம் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.

மறுபரிசோதனைக்கு வாரத்தில் ஒரு பிற்பகலை முழுவதுமாக ஒதுக்கியிருக்கிறேன். சிகிச்சை முடிந்து ஓராண்டானவர்களை வரவேற்பாளர் அழைத்து, கட்டணம் கிடையாது என்று சொல்லி வரச்சொல்வார். வேர்நுனியில் பெரிய புண் இருந்தவர்களை நான்காண்டுகள் வரை தொடர்ந்து பார்க்கிறோம். வலி இல்லாததால் சிலர் வரமாட்டார்கள். வேறு வேலையாகத் திருநெல்வேலிக்கு வரும் நாளைச் சொன்னால் அன்றே பார்த்துக்கொள்கிறோம் என்றால் பாதிப்பேராவது வருகிறார்கள். முதலில் எடுத்த அதே கோணத்தில் எக்ஸ்ரே எடுத்து, பழைய படத்தின் பக்கத்தில் திரையில் வைத்துக் காட்டுவேன். வேர்நுனியில் மிளகளவு இருந்த கருநிழல் மறைந்து எலும்பு வெண்மையாக நிறைந்திருப்பதை நோயாளி தன் விரலால் தொட்டுப் பார்க்கும் நேரத்துக்காகவே அந்தப் பிற்பகல்களை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. நிழல் குறையாமல் இருந்தால் காரணத்தை அங்கேயே அவரிடம் பேசி, சிகிச்சையைத் திரும்பச் செய்வதற்கான நாளைக் குறித்துவிடுவேன். இரண்டு விதமான படங்களும் அன்று மாலையே அனுப்பிய மருத்துவருக்குப் போய்ச்சேரும்.