வட்டைத் திருப்பித் தராத புது மடிக்கணினி: வெளியேற்றும் பொத்தான் வேலை செய்யாதபோது பழுதைக் கண்டறியும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்து வீடுகளில் அலமாரியைத் திறந்தால், கல்யாணம், அறுபதாம் கல்யாணம், கோயில் குடமுழுக்கு என்று வீடியோ எடுத்தவர்கள் கொடுத்துப்போன டிவிடி வட்டுகள் ஓலைக் கொட்டானிலோ பிஸ்கட் டப்பாவிலோ அடுக்கி வைக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பதால், அவற்றைக் கணினியில் ஏற்றி அனுப்புவதற்காகவே டிவிடி டிரைவ் உள்ள மடிக்கணினியைத் தேடி வாங்குகிறவர்களும் உண்டு. அப்படி வாங்கிய புதுக் கணினி வட்டை உள்ளே வாங்கிக்கொண்டு, பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் திருப்பித் தராமல் நின்றுவிட்டால் பதற்றம் வருவது இயல்பே; உள்ளே இருப்பது பெரும்பாலும் வேறு பிரதியே இல்லாத வட்டு. அந்தப் பதற்றத்தில் எதையும் உடைத்துவிடாமல், பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் படிப்படியாகக் கண்டறியும் வழியை இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பொத்தான் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது கதவின் தாழ்ப்பாளைப் போல, வட்டைத் தாங்கும் தட்டை நேரடியாகத் திறந்துவிடுவதில்லை. பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ஒரு சிறிய மின்சுவிட்ச் இருக்கிறது. அதை அழுத்தும்போது, ‘தட்டைத் திற’ என்ற செய்தி டிரைவின் மின்சுற்றுக்குப் போகிறது. மின்சுற்று, இயங்குதளம் (விண்டோஸ், லினக்ஸ் போன்றது) தட்டைப் பூட்டி வைத்திருக்கிறதா என்று பார்த்து, சுழலும் வட்டை நிறுத்தி, அதன் பிறகே மின்காந்தத்தால் இயங்கும் கொக்கியை விடுவிக்கிறது. கொக்கி விலகியதும் ஒரு சுருள்வில் தட்டைச் சற்றே வெளியே தள்ளும். மீதியை நாம் கையால் இழுத்துக்கொள்ள வேண்டும். மேசைக் கணினியின் டிரைவில் தட்டை முழுவதும் வெளியே கொண்டுவர மோட்டார் உண்டு. மடிக்கணினியின் மெல்லிய டிரைவில் அது இல்லை. ஆகவே மின்சாரம், சுவிட்ச், பூட்டு, கொக்கி, தட்டு நகரும் பாதை ஆகிய ஐந்தில் எது தடைப்பட்டாலும் நம் கண்ணுக்குப் பொத்தான் கெட்டதாகவே தெரியும். நான் பார்த்த கணினிகளில் பெரும்பாலானவற்றில் பொத்தான் நன்றாகவே இருந்தது.

புதுக் கணினி என்பதால் சில எளிய காரணங்களை உடனே பார்த்து ஒதுக்கிவிடலாம். டிரைவின் முகப்பு விளிம்பில் தொழிற்சாலையில் ஒட்டிய பாதுகாப்புப் படலம் எஞ்சியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். சில மாதிரிகளில் டிரைவ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பிளாஸ்டிக் மூடி மட்டுமே பொருத்தப்பட்டிருக்கும். விண்டோஸில் கணினியின் டிரைவுகளைக் காட்டும் ‘திஸ் பிசி’ பக்கத்தில் டிவிடி டிரைவின் படம் தெரியவில்லை என்றால், கணினியுடன் வந்த பெட்டியின் விவரச்சீட்டைப் பார்த்து, டிரைவ் உண்மையில் இருக்கிறதா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். கணினி அணைந்திருக்கும்போதும் உறங்கும் நிலையில் இருக்கும்போதும் பொத்தான் வேலை செய்யாது, அது பழுதன்று. பேட்டரியில் ஓடும்போது டிரைவுக்குப் போகும் மின்சாரத்தைச் சில கணினிகள் நிறுத்திவைப்பதால், சார்ஜரைச் செருகிவிட்டு ஒரு முறை அழுத்திப் பார்ப்பதும் நல்லது.

இதற்குப் பிறகு செய்ய வேண்டியதை நான் எல்லாச் சோதனைகளுக்கும் மேலாக மதிக்கிறேன்: காதை வைத்துக் கேட்க வேண்டும். அறையின் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கணினியை மேசையில் வைத்து, டிரைவின் அருகே காதைக் கொண்டுபோய்ப் பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்தி, பத்து விநாடி காத்திருங்கள். விரல்நுனியில் சுவிட்ச் அமுங்குவதன் சிறு துடிப்பு தெரிகிறதா, டிரைவின் விளக்கு மின்னுகிறதா, உள்ளே ‘டிக்’ என்று கொக்கி விலகும் ஓசை கேட்கிறதா என்ற மூன்றையும் கவனியுங்கள். ஓசை கேட்டும் தட்டு வரவில்லை என்றால், செய்தி போய்ச் சேர்ந்து கொக்கியும் விலகிவிட்டது. தட்டின் பாதையில்தான் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. ஓசையே இல்லை என்றால், செய்தி போகவில்லை, அல்லது போயும் மறுக்கப்பட்டிருக்கிறது. விரலுக்குத் துடிப்பே தெரியாமல் பிளாஸ்டிக் மட்டும் தொளதொளவென்று உள்ளே போய் வந்தால், அப்போது சுவிட்சையே சந்தேகிக்கலாம்.

ஓசை கேட்காத கணினியில் அடுத்த சோதனை, ‘திஸ் பிசி’ பக்கத்தில் டிவிடி டிரைவின் மேல் வலது சொடுக்கு செய்து ‘எஜெக்ட்’ என்பதைத் தேர்ந்தெடுப்பதாகும். அதில் தட்டு திறந்துகொண்டால் கொக்கியும் சுருள்வில்லும் நலமாக இருக்கின்றன என்று பொருள். ஆனால் அதை வைத்தே பொத்தான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஏனெனில் விண்டோஸ் வழியாக வெளியேற்றும்போது அது பூட்டையும் சேர்த்தே நீக்கிவிடுகிறது. பொத்தானால் அது முடியாது. வட்டில் பதிவு செய்யும் மென்பொருள்களும் வீடியோ ஓட்டும் சில மென்பொருள்களும், இடையில் யாரும் வட்டை எடுத்துவிடக் கூடாது என்பதற்காகத் தட்டைப் பூட்டச் சொல்லி டிரைவுக்கு ஆணையிடுகின்றன. வேலை முடிந்ததும் அந்தப் பூட்டை அவை எடுத்துவிட வேண்டும். மென்பொருள் நடுவில் உறைந்துபோனால் பூட்டு அப்படியே நின்றுவிடுகிறது. எழுதக்கூடிய வட்டில் கோப்புகளைச் சேர்த்திருந்தால், மற்றக் கணினிகளிலும் படிக்கும்படி அந்தப் பதிவை முடித்துவைக்க விண்டோஸ் சிறிது நேரம் எடுத்துக்கொள்வதும் உண்டு. அந்த நேரத்தில் பொத்தானைத் திரும்பத் திரும்பக் குத்துவதால் பயனில்லை. காத்திருந்தால் தானே வரும்.

ஆகவே திறந்திருக்கும் எல்லா மென்பொருள்களையும் மூடிவிட்டு, கணினியை ‘ரீஸ்டார்ட்’ செய்யுங்கள். அணைத்துவிட்டு மீண்டும் போடுவது இதற்கு ஈடாகாது. விண்டோஸ் 8 முதல், அணைக்கும்போது இயங்குதளத்தின் உட்பகுதியை வன்தட்டில் சேமித்து வைத்து, அடுத்த முறை அதையே எடுத்து எழுப்பும் வழக்கம் வந்துவிட்டதால், பழைய சிக்கல் அப்படியே திரும்பி வரக்கூடும். ரீஸ்டார்ட் ஆகும்போது திரையில் நிறுவனத்தின் சின்னம் தோன்றியவுடன் எஃப்2, எஃப்10, எஸ்கேப், டெலிட் ஆகியவற்றில் உங்கள் கணினிக்கு உரிய விசையைத் தட்டி, கணினியின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரைக்குள் செல்லுங்கள். அங்கே எதையும் மாற்ற வேண்டாம். டிரைவின் பொத்தானை மட்டும் அழுத்திப் பாருங்கள். அந்த நிலையில் விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவில்லை, பூட்டுப் போடும் மென்பொருளும் ஓடவில்லை. அங்கே தட்டு திறந்துகொண்டு, விண்டோஸுக்குள் வந்ததும் மறுத்தால், பழுது மென்பொருளில் இருக்கிறது. அங்கேயும் திறக்காமல், வலது சொடுக்கில் மட்டும் திறந்தால், சுவிட்சிலோ அதன் மூடியிலோ இருக்கிறது. இரண்டிலும் திறக்கவில்லை என்றால், டிரைவுக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது கொக்கி கெட்டிருக்கிறது. கடைக்காரர் கேட்கும் கேள்விகளுக்கு இந்த ஒரு சோதனையின் விடையே பெரும்பாலும் போதும்.

வெளியேற்றும் விசை டிரைவின் முகப்பில் இல்லாமல் விசைப்பலகையில் இருக்கும் கணினிகளுக்கு மேற்சொன்ன பயாஸ் சோதனை பொருந்தாது. அந்த விசையை இயக்குவது பெரும்பாலும் கணினி நிறுவனம் தரும் தனி மென்பொருள். விண்டோஸைப் புதிதாக நிறுவிக் கொடுக்கும்போது கடையில் அதைப் போடாமல் விட்டுவிட்டால், விசை உயிரற்றுக் கிடக்கும். எஃப்என் விசையுடன் சேர்த்து அழுத்திப் பாருங்கள். பலனில்லை என்றால், கணினியின் மாதிரி எண்ணைக் கொடுத்து நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த மென்பொருளை இறக்கி நிறுவினால் போதும்.

மென்பொருள்தான் காரணம் என்று தெரிந்தால், அண்மையில் நிறுவிய வட்டுப் பதிவு மென்பொருள்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். கணினியில் உள்ள கருவிகளைப் பட்டியலிடும் ‘டிவைஸ் மேனேஜர்’ பக்கத்தில் டிவிடி டிரைவைத் தேர்ந்தெடுத்து ‘அன்இன்ஸ்டால்’ செய்து, ரீஸ்டார்ட் செய்தால், விண்டோஸ் அதைத் தானே மீண்டும் கண்டுபிடித்துப் பதிந்துகொள்ளும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் வட்டை ‘அன்மவுன்ட்’ செய்துவிட்டு, அதாவது இயங்குதளத்தின் பிடியிலிருந்து விடுவித்துவிட்டு, பொத்தானை அழுத்தினால் போதும்.

எதற்கும் மசியாத டிரைவுக்கு ஊசித்துளை இருக்கிறது. டிரைவின் முகப்பில், பொத்தானுக்கும் விளக்குக்கும் அருகே மிகச் சிறிய துளை ஒன்று தெரியும். கணினியை முழுவதும் அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்தே அதைத் தொட வேண்டும். ஓடும் வட்டு நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை சுழல்வதால், அந்த வேகத்தில் தட்டை விடுவித்தால் வட்டு கீறிப்போகும். ஒரு ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, அதன் மழுங்கிய முனையைத் துளைக்குள் நேராக, சாய்க்காமல் செலுத்துங்கள். சற்று உள்ளே போனதும் ஒரு தடை தட்டுப்படும். அதை மெதுவாக அழுத்தினால் கொக்கி விலகித் தட்டு முன்னே வரும். சேலை ஊக்கு, தையல் ஊசி ஆகியவற்றை அருள்கூர்ந்து பயன்படுத்தாதீர்கள். கூரிய முனை வழுக்கி உள்ளே போய் மின்சுற்றைக் குத்திவிடும். தட்டே இல்லாமல் வட்டை நேராகச் செருகும் வகை டிரைவுகள் பலவற்றில் இந்தத் துளை இருப்பதில்லை. அவற்றில் கத்தியோ அட்டையோ விட்டு நெம்பாமல் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் செல்வதே முறை.

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி வீட்டில் நடந்தது இங்கே சொல்லத்தக்கது. அவர்களுடைய அறுபதாம் கல்யாண வட்டைப் பேரன் வாங்கி வந்த புதுக் கணினியில் போட்டிருக்கிறார்கள். படம் ஓடவில்லை, வட்டும் வரவில்லை. நான் போனபோது வளவில் பாயை விரித்து, கணினியை நடுவில் வைத்து, பேரன் கையில் காய் நறுக்கும் கத்தியோடு உட்கார்ந்திருந்தான். “தம்பி, கத்தியை எல்லாம் விட்டுராதப்பா, ஐயா பேசுறது அதுல மட்டுந்தான் இருக்கு” என்று ஆச்சி மூன்று முறை சொன்னார்கள். பொத்தானை அழுத்திக் காதை வைத்தேன். ‘டிக்’ ஓசை தெளிவாகக் கேட்டது. அப்படியென்றால் பொத்தானில் பழுதில்லை. கணினியை அணைத்து, கிளிப்பை விட்டபோது தட்டு ஒரு நூல் அளவு முன்னே வந்து நின்றது. விளக்கைப் பிடித்துப் பார்த்ததில், வட்டின் மேல் ஸ்டுடியோவில் ஒட்டியிருந்த மணமக்கள் படத்தாள் ஓரத்தில் உப்பிச் சுருண்டு, டிரைவின் மேல்மூடியில் உரசிக்கொண்டிருந்தது. முழு டிரைவின் தடிமனே 12.7 மி.மீ., சிலவற்றில் 9.5 மி.மீ.; அதற்குள் 1.2 மி.மீ. தடிமனுள்ள வட்டும் தட்டும் மோட்டாரும் அடங்க வேண்டும் என்பதால், வட்டுக்கு மேலே சுருண்ட காகிதத்துக்கு இடமே கிடையாது. பத்திரிகை அட்டை ஒன்றை நீளமாக நறுக்கி, தட்டுக்கு மேலே தெரிந்த இடுக்கில் மெல்லச் செலுத்தி, படத்தாளின் ஓரத்தைக் கீழே அமுக்கியபடி தட்டை இழுத்ததும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அதே பொத்தான் ஒவ்வொரு முறையும் சொன்னபடி வேலை செய்தது. படத்தாள் ஒட்டிய பழைய வட்டுகளைக் கணினியில் இடுவதற்கு முன் ஓரத்தைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள்; எங்கேனும் எழும்பியிருந்தால் அந்த வட்டை மெல்லிய டிரைவில் போடாதீர்கள்.

வட்டை நடுக் குமிழில் சரியாகப் பொருத்தாமல் தட்டை மூடினாலும் இதே அடைப்பு ஏற்படும். மடிக்கணினித் தட்டில் வட்டை வைப்பது மட்டும் போதாது; நடுத்துளையைச் சுற்றி இரண்டு விரல்களால் அழுத்தி, குமிழின் பற்கள் வட்டைக் கவ்வும் ஓசை கேட்ட பிறகே மூட வேண்டும். அழுத்தும்போது தட்டின் அடியில் மற்றொரு கையைத் தாங்கலாகக் கொடுங்கள். இல்லையென்றால் தட்டு வளைந்து, முகப்பு மூடி இடம் பெயர்ந்து, மூடியில் உள்ள பிளாஸ்டிக் பொத்தான் பின்னால் இருக்கும் சுவிட்சை எட்டாமல் போய்விடும்.

சுவிட்சே கெட்டது, அல்லது மூடி தொழிற்சாலையிலேயே கோணலாகப் பொருந்திவிட்டது என்று தெரிந்தால், வாரண்டியில் உள்ள கணினியை நீங்கள் திறக்கக் கூடாது. அடிப்பக்கத்தில் ஒரே ஒரு திருகைக் கழற்றினால் டிரைவ் வந்துவிடும் மாதிரிகள் பல இருந்தாலும், அதைச் செய்ய வேண்டியவர் நிறுவனத்தின் ஊழியர். என் உறவினர் ஒருவர் இத்தகைய கணினியை வாங்கிய கடைக்கே கொண்டுபோனபோது, அழுத்தி அழுத்திப் பழகினால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வாரண்டியும் மாற்றித் தரும் கால வரம்பும் அவர் பழகும்வரை காத்திருப்பதில்லை. வாங்கிய சில நாள்களுக்குள் தெரிந்த குறையை அன்றைக்கே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். பொத்தானை அழுத்துவதையும் தட்டு வராததையும் கைப்பேசியில் ஒரே தொடர்ச்சியான வீடியோவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையும் நிறுவனமும் மாறி மாறி அலைக்கழித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே முறையிடலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சென்னையிலோ இணையத்திலோ வாங்கிய பொருளுக்கும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க முடியும்.

யுஎஸ்பி வழியாக இணைக்கும் தனி டிரைவில் இந்தச் சிக்கல் வந்தால், முதலில் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்பியர் வரையிலும், 3.0 துளை 900 மில்லிஆம்பியர் வரையிலும் தருவதற்கே வரையறுக்கப்பட்டவை. வட்டு வேகமெடுக்கும் நொடியில் டிரைவ் இதைவிடக் கூடுதலாகக் கேட்கக்கூடும். ஒரு துளையைப் பல துளைகளாகப் பிரிக்கும் ஹப் வழியாகச் செருகாமல் கணினியின் துளையிலேயே நேராகச் செருகிப் பார்த்தால் பல நேரங்களில் தட்டு திறந்துகொள்ளும்.

சர்வீஸ் சென்டருக்குக் கணினியைக் கொடுப்பதற்கு முன் உள்ளே இருக்கும் வட்டை ஊசித்துளை வழியாக எடுத்துவிடுங்கள். எடுக்க முடியவில்லை என்றால், உள்ளே வட்டு இருப்பதை ஜாப் ஷீட்டில் (பழுதுபார்ப்புக்கு வாங்கிக்கொண்டதற்கான சீட்டில்) எழுதச் சொல்லிக் கையொப்பம் வாங்குங்கள். திருப்பி வாங்கும்போது மேசையிலேயே வைத்துச் சோதிக்க வேண்டும்: சார்ஜர் செருகியும், பேட்டரியில் மட்டும் ஓடும்போதும், தட்டு காலியாக இருக்கையிலும், வட்டு சுழன்றுகொண்டிருக்கையிலும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதற்காகக் கையோடு ஒரு சாதாரண வட்டை எடுத்துச் செல்லுங்கள். கல்யாண வட்டு வீட்டிலேயே இருக்கட்டும்.