கணப்பு அடுப்பின் கதவு சீல் (seal) மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நார்வே, கனடா மாதிரியான குளிர்நாட்டு வீடுகளில் விறகுக் கணப்பு அடுப்பு உண்டு. காற்று வழியை முழுக்க மூடியும் தீ மடமடவென்று எரிகிறதென்றால், முதலில் கதவின் ‘சீல்’ எப்படி இருக்கிறதென்று பாருங்கள். இடுக்கு வழியே காற்று புகாமல் அடைக்க, கதவின் உட்புறக் காடியில் (நீளப் பள்ளத்தில்) ஒட்டியிருக்கும் கண்ணாடி இழைக் கயிறுதான் அது. நாளாக ஆகத் தட்டையாகி இறுகிவிடும்.

பலர் பழைய கயிற்றை அளந்துகொண்டு கடைக்குப் போகிறார்கள். பல குளிர்காலம் நசுங்கிக் கிடந்த கயிறு சரியான அளவைக் காட்டாது. கையேட்டில் இருக்கும் விட்டத்தைப் பாருங்கள். கையேடு இல்லாவிட்டால் அடுப்பின் மாடலைச் சொல்லிக் கேளுங்கள். தடிமனாக இருந்தால் நல்லதுதானே என்று பெரிதாக வாங்கினால் கதவு சாத்தாது. பலத்தைக் காட்டிச் சாத்தினால் தாழ்ப்பாளுக்குத்தான் கேடு.

1980களுக்கு முந்தைய அடுப்பா? கயிற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம்; அதன் தூசி மூச்சில் போனால் ஆபத்து. சுரண்டாதீர்கள், அதற்கென்று பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிடுங்கள். புது அடுப்பானாலும் முகமூடி, கையுறை இல்லாமல் வேண்டாம். கண்ணாடி இழை தோலில் பட்டால் அரிக்கும்.

பழைய பசையைக் காடியில் துளி விடாமல் எடுத்துவிட வேண்டும். அதன் மேலேயே ஒட்டினால் கயிறு மேடு பள்ளமாக உட்காரும்.

அதிகம் பேர் சறுக்குவது கயிற்றைப் பதிக்கும்போதுதான். மூலை திரும்பும்போது கை தானாக இழுக்கும். இழுத்த இடத்தில் கயிறு மெலிந்துவிடும், கசிவும் அங்கேதான் வரும். இழுக்காமல், சற்று நெருக்கித் தள்ளியபடி விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். இணைப்பு மூலையில் வராமல் நேர்ப்பக்கத்தில் வரட்டும். வெட்டும் இடத்தில் முதலில் டேப் சுற்றிவிட்டால் நுனி பிரியாது. பசையும் மெல்லிய கோடாக இருந்தால் போதும். தாராளமாகப் பூசினால் கயிறு அதைக் குடித்துக் கல்லாகிவிடும், அப்புறம் எப்படி அமுங்கும்?

ஒட்டி முடித்த கையோடு கொழுந்துவிட்டெரிய மூட்டாதீர்கள். கயிற்றுக்கும் சட்டத்துக்கும் நடுவே மெழுகுத்தாள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, பசை டப்பாவில் சொல்லியிருக்கும் நேரம் காயவிடுங்கள். தாளை எடுத்துவிட்டு முதலில் சின்னத் தீ.

அடுப்பு ஆறியதும் ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். நாலு பக்கமும் பிடித்து நிற்க வேண்டும். தாழ்ப்பாள் பக்கம் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் கயிற்றைக் குறை சொல்லாதீர்கள். பல அடுப்புகளில் தாழ்ப்பாளை முறுக்கிச் சரிசெய்ய வழி இருக்கிறது.