சுழல்மேடை செய்பவர்கள் விடும் பிழைகள்

தமிழ்த்தினப் போட்டிக் காலம் வந்தால் யாராவது ஒரு நாடகக் குழு, "அண்ணை, சுழல்மேடை ஒண்டு செய்யிறம், ஒருக்கா வந்து பாருங்கோ" என்று கூப்பிடும். காட்சி மாற்றுவதற்காகச் சில்லுகளின் மேல் சுற்றும் வட்டத் தட்டுத்தான் சுழல்மேடை. போய்ப் பார்த்தால் நாங்கள் அந்தக் காலத்தில் விட்ட பிழைகள் அப்படியே இருக்கும். பலகை பாரம் தாங்க வேண்டும், ஆணி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதெல்லாம் தச்சருக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

திரும்புகிற சில்லு

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய சில்லுகளை வாங்கித் தட்டின் அடியில் பூட்டிவிடுகிறார்கள். மேடை சுற்றத்தானே வேண்டும், அப்போ சுற்றுகிற சில்லுதானே சரி என்பது அவர்கள் கணக்கு. கடைக்காரரும் அதைத்தான் எடுத்துத் தருவார். விலையும் கூட.

இந்தச் சில்லு அதன் கழுத்துக்கு நேர் கீழே நிற்பதில்லை. சற்று விலகி, போகும் திசைக்குப் பின்னால் இழுபட்டு வரும். ஒரே பக்கமாகச் சுற்றும்வரை பிரச்சினை தெரியாது. மறுபக்கம் திருப்பினால் ஒவ்வொரு சில்லும் அரைவட்டம் அடித்துத் திரும்ப வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பாது. அந்த இழுபறியில் தட்டு பக்கவாட்டில் உதறும்.

ஒரு பாடசாலை மண்டபத்தில் ஒத்திகை. அரண்மனையிலிருந்து காட்டுக்கு மேடை அழகாகத் திரும்பியது, எல்லோரும் கைதட்டினார்கள். காட்டிலிருந்து அரண்மனைக்குத் திருப்பும்போது தட்டு ஒரு கணம் நின்று, வெட்டி இழுத்தது. அட்டைத் தூண் ஆட, சிம்மாசனத்தில் இருந்த பொடியன் இரண்டு கைப்பிடியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வசனத்தை மறந்துவிட்டான். கிறீஸ் போதாது என்று ஒருவர் முடிவெடுத்து அள்ளிப் பூசினார். அது தரையில் பட்டு, தள்ளுகிற பிள்ளைகள் வழுக்கத் தொடங்கினார்கள். கழற்றிப் பார்த்தால் நடு போல்ட் வளைந்து, அதன் துளை முட்டை வடிவாகியிருந்தது. அவ்வளவு சில்லும் வீண்காசு.

திரும்பாத, நிலையான சில்லு வாங்குங்கள். தட்டைக் கவிழ்த்துப்போட்டு, நடுவில் ஓர் ஆணி அடித்து, அதிலிருந்து விளிம்புவரை நூல் பிடியுங்கள். சில்லின் அச்சு அந்த நூலோடு ஒரே கோட்டில் கிடக்க வேண்டும். ஒவ்வொரு சில்லுக்கும் இதையே செய்யுங்கள். கண்மதிப்பு வேண்டாம். கொஞ்சம் கோணினாலும் அந்தச் சில்லு உருளாமல் தேய்ந்து கீச்சிடும், தட்டையும் நடுவிலிருந்து தள்ளப் பார்க்கும். மெத்தென்ற ரப்பர் சில்லு சத்தம் போடாதுதான், ஆனால் பாரத்தில் அமுங்கித் தள்ளக் கடினமாகிவிடும்.

நடு அச்சு

தட்டு இடம் மாறாமல் பிடித்திருப்பதுதான் அதன் வேலை. பாரம் சில்லுகளுக்கு.

தரை

மண்டபத் தரை மட்டமாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். கோயில் வீதியில் போடும் மேடை என்றால் கேட்கவே வேண்டாம். சில்லு ஓடும் பாதைக்கு பிளைவுட் வளையம் விரித்து, பள்ளத்துக்கு மெல்லிய பலகைத் துண்டு கொடுத்து மட்டம் பாருங்கள். தட்டின் துண்டுகள் சேரும் பொருத்தும் அதன் கீழ் வளையத்தின் பொருத்தும் ஒரே இடத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளிம்பு இடைவெளி

ஆடி வெயிலில் ஒட்ட வெட்டிய பலகை கார்த்திகை மழையில் ஊதி, தட்டைச் சுற்றியுள்ள அசையாத பலகையோடு உரசும். அதற்காக இடைவெளியை அகட்டிவிட்டால் வெறுங்காலோடு ஆடுகிற பிள்ளையின் விரல் போய்விடும். அரை அங்குலத்துக்குள் வைத்துக்கொண்டு, விளிம்பை உரப்பேப்பரால் மழுக்கி, வெட்டுமுகத்துக்குப் பெயின்ற் அடியுங்கள்.

வேகம்

16 அடி குறுக்களவுள்ள தட்டின் விளிம்பு ஏறத்தாழ 50 அடி. அரைச்சுற்றை 10 செக்கனில் முடித்தால் விளிம்பில் நிற்பவர் செக்கனுக்கு இரண்டரை அடி நகர்கிறார், ஆறுதலான நடை. அதையே 5 செக்கனில் முடித்தால் குடத்தோடு நிற்பவர் தடுமாறுவார். நடுவில் நிற்கும் நெறியாளருக்கு இது ஒன்றும் தெரியாது. அவரை விளிம்பில் நிற்கச் சொல்லிச் சுற்றிக் காட்டுங்கள், பிறகு "இன்னும் கெதியா" என்று கத்தமாட்டார்.

மோட்டர்

வேண்டாம். ஜப்பானில் நமிக்கி ஷோசோ என்ற நாடகாசிரியர் 1758 அளவில் கபுக்கி என்ற அவர்களின் மரபு நாடக அரங்குக்குச் சுழல்மேடையைக் கொண்டுவந்தபோது கீழே ஆட்கள் நின்றுதான் தள்ளினார்கள். நல்ல சில்லு என்றால் இரண்டு பொடியன்கள் போதும். கரண்ட் போனாலும் காட்சி நிற்காது.

பூட்டு

நடிகர் ஓடினால் தட்டு எதிர்ப்பக்கம் நழுவும். காட்சி நிற்கும் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். அதைத் திறந்து பூட்டுவது ஒரே ஆளின் பொறுப்பு.

வயர்

தட்டின் மேல் விளக்கு வேண்டுமென்றால் பற்றரி விளக்கு. வெளியிலிருந்து வயர் இழுத்தால் அது அச்சில் சுற்றிக்கொண்டு அறுந்துபோகும்.

கதவு

பலகை வெட்ட முன் மண்டபக் கதவையும் லொறியையும் அளவெடுங்கள்.