ரேம் வாங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கணினி மெதுவாக ஓடினாலே ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளைக் கணினி தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம், பத்தவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம், முதல் தவறே அதுதான். பழைய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் ரேமை இரண்டு மடங்காக்கினாலும் கணினி திறக்க ஏறக்குறைய அதே நேரம்தான் பிடிக்கும். அங்கே காசு போக வேண்டியது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டிக்கு.

ஆகவே கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரி. காலையில் கணினியைத் திறந்த கையோடு பார்த்துப் பயனில்லை. பிள்ளை கூகுள் மீட்டில் எஸ்பிஎம் டியூஷனில் உட்கார்ந்திருக்க, பின்னால் குரோமில் இருபது டேப், வாட்ஸ்அப், எக்செல் எல்லாம் திறந்து கிடக்கும் பாருங்கள், அப்போது பார்க்க வேண்டும். 8 ஜிபியில் 7-ஐயும் தாண்டி, டேப் மாற்றவே திணறினால் சரி, ரேம்தான் குறை. 60, 70 விழுக்காட்டில் நின்றால் காசு மிச்சம். 16 ஜிபி கணினி சும்மா இருக்கும்போதே 6 ஜிபி காட்டுகிறதே என்றும் பதற வேண்டாம். காலியாக இடம் கிடந்தால் விண்டோஸ் எடுத்துப் புழங்கத்தான் செய்யும்.

அப்புறம், விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொல்வதை நம்பி மலிவு மடிக்கணினி வாங்குவது. அந்த 4 ஜிபியில் விண்டோஸ் ஏறும், வேலை நடக்காது. தட்டச்சு, யூடியூப், வங்கி வேலை என்றால் 8, வீட்டில் நாலு பேர் மாறி மாறிப் புழங்கினால் 16. வீடியோ எடிட்டிங், பெரிய கேம் இருந்தால்தான் 32. கடைக்காரர் எல்லாருக்குமே 32 என்பார், அவருக்கு அது வியாபாரம்.

“இப்போதைக்கு 8, பிறகு ஏற்றிக்கொள்ளலாம்” என்பது ஒரு காலத்தில் நல்ல யோசனைதான். இன்று மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேமைப் பலகையோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள், ஏற்ற இடமே இல்லை. போதாததற்கு 2025 கடைசியில் ஏஐ தரவு மையங்கள் சிப்புகளை அள்ளிக்கொண்டதில் ரேம் விலையும் எகிறிவிட்டது. வாங்கும்போதே மாடல் பெயரைப் போட்டு, பிறகு ரேம் ஏற்ற முடியுமா என்று தயாரிப்பாளரின் பக்கத்தில் தேடிப் பாருங்கள்.

512 ஜிபி என்று பெட்டியில் இருப்பது படமும் கோப்பும் வைக்கும் இடம், ரேம் இல்லை. இதைச் சொல்லவே வேண்டாம் என்று நினைத்தேன், இன்னும் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.

கடைசியாகப் பொருத்தம். டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை ரேமின் அடுத்தடுத்த தலைமுறைகள். டிடிஆர்4 இருக்கும் இடத்தில் டிடிஆர்5 நுழையாது, ரேமின் அடியில் இருக்கும் வெட்டே வேறு இடத்தில் இருக்கும். மேசைக் கணினியின் நீளமான ரேம் மடிக்கணினிக்கு ஆகாது. உள்ளே இருக்கும் ரேமின் ஸ்டிக்கரைப் படம் பிடித்துக்கொண்டு போங்கள், கடையிலேயே மாட்டச் சொல்லி, டாஸ்க் மேனேஜரில் புதிய அளவு தெரிந்த பிறகு ரிங்கிட்டை எடுங்கள்.